இரண்டாவது கயிறு

இந்த வயதில் வேதாகமத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கையில் விசுவாசமும் நம்பிக்கையும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிந்தன. கிணறு தூர்வாருவது எங்கள் வேலை. என் கயிற்றைக் கட்டிக்கொண்டு தங்கை புருஷன் ஞானமுத்து இறங்குவான், மேலே நான் பிடித்துக்கொள்வேன். போன கிணற்றில் என் கை நடுங்கி, சேற்றுக் கூடை நழுவி அவன் தோளை உரசிக்கொண்டு விழுந்தது. சிரித்துக்கொண்டுதான் ஏறி வந்தான். இன்று பார்த்தால், வேப்பமரத்தில் இன்னொரு கயிற்றைக் கட்டிக் கிணற்றுக்குள் விட்டிருக்கிறான். “என்ன மாப்பிள்ளை, என் மேல நம்பிக்கை போயிருச்சா?” என்றேன். “ஐயோ மச்சான், உங்களை நம்பாம யாரை நம்புவேன்? உங்க தங்கச்சிதான் கட்டச் சொல்லி உயிரை எடுக்கிறா.” “ஞாயித்துக்கிழமை ஆனா விசுவாசம் விசுவாசம்னு உருகிப் பாடுறவளாச்சே அவ?” “அது கர்த்தர் மேல, மச்சான். அவருக்குக் கை நடுங்காதே.” இருவரும் சிரித்தோம். வழக்கம்போல என் கயிற்றையும் இடுப்பில் கட்டிக்கொண்டு, மரத்துக் கயிற்றைப் பற்றி இறங்கினான். நான் காலை ஊன்றி நின்றேன். அவன் தலை இருட்டுக்குள் மறைந்த பிறகும் என் கைக்கு அவன் கனம் வரவே இல்லை. “பிடிச்சிருக்கீங்களா மச்சான்?” என்று கீழேயிருந்து கேட்டான். “பிடிச்சிருக்கேன்” என்றேன்.