பழைய தண்ணீர்

"பாதி பழைய தண்ணி இருந்தா மீனுக்கு ஒண்ணும் ஆகாது" என்று ஹாலாஸ்யம் அடித்துச் சொன்னார். வில்லாபுரத்து மீன்தொட்டித் தண்ணீர் குடங்களில் லாரியேறி ஆனையூர்ப் புதுவீட்டுக்கு வந்தது. ஐந்து தங்கமீனும் சௌக்கியம்.

பால் காய்ச்சி முடித்த அவர் மனைவி அனந்தலக்ஷ்மி தொட்டியை எட்டிப் பார்த்தாள். தண்ணீருக்குள் பழைய வீட்டுப் பச்சை ஜன்னல் தெரிந்தது.

"ஏன்னா, ஜன்னலைச் சாத்தாம வந்துட்டேளே!"

அவரும் பார்த்தார். "ஆமாண்டி, மழை வந்தா கூடம் நனைஞ்சுடும்" என்று சைக்கிளை எடுத்தார்.

முக்கால் மணி நேரத்தில், தண்ணீருக்குள் அவர் வந்து ஜன்னலைச் சாத்தினார்.

மத்தியானம் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டார். "கதவையும் நன்னாப் பூட்டிட்டேன்" என்று சாவியை ஆணியில் மாட்டினார்.

அனந்தலக்ஷ்மி தொட்டியைப் பார்த்தாள். மீன்களுக்குப் பின்னால், சாத்திய ஜன்னலோரம் ஹாலாஸ்யம் சட்டைப்பையில் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.