பப்பாளி விதைக்கு நூறு மார்க்

மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் இப்போது மதியச் சோற்று நேரம். கூரையின் கண்ணாடி ஓடு வழியாக வெயில் ஒரு பாய் அகலத்துக்குத் தரையில் விழுகிறது. அதன் ஓரத்து நிழலில், முறத்தில் சாய்த்து வைத்த செல்போனைச் சுற்றி மிளகு பொறுக்கும் மூன்று பெண்கள். பழைய தமிழ்ச் சரித்திர நாவல் ஒன்று அதில் டிவி தொடராக ஓடுகிறது. ரஹீனாவுக்கும் சீனியம்மாளுக்கும் மலையாளம்தான் வாசிக்க வரும். நாவலை மூன்று முறை வாசித்தவள் ஜுமைலா. அதனால் தீர்ப்பும் அவளுடையதே. "ராஜாவுக்கு இந்தத் தொந்தி புஸ்தகத்துல இல்ல. குதிரையும் வெள்ளையில்ல," என்கிறாள். தொடருக்கு அவள் இதுவரை ஒரு மார்க்கும் போடவில்லை. திரையில் துறைமுகம் வருகிறது. ஜுமைலாவின் கைச் சோறு வாய்க்குப் போகாமல் நிற்கிறது. அவள் காத்திருந்த இடம் இது. நாவல்படி இளவரசி மிளகு மூட்டைக்குள் கைவிட்டு ஒரு மணியைக் கடிக்க வேண்டும். காரத்தில் கண் கலங்க வேண்டும், கலங்கியபடியே சிரிக்க வேண்டும். இளவரசியின் உள்ளங்கை திரை முழுக்க விரிகிறது. "இத்தா, மிளகா இது? பப்பாளி விதையாக்கும்!" என்று ரஹீனா கத்துகிறாள். மிளகுபோல உருண்டை இல்லை, நீள்மணி. தினமும் இவர்கள் பொறுக்கி எறிகிற அதே கலப்படம். சீனியம்மாள் தலையில் கைவைக்கிறாள். இளவரசி கடிக்கிறாள். மூக்கு சிவக்கிறது, கண் நிறைகிறது, நிறைந்த கண்ணோடு அப்படியொரு சிரிப்பு. ஜுமைலா சோற்றுக் கையாலேயே தொடையைத் தட்டுகிறாள். "காரமில்லாத பப்பாளி விதையக் கடிச்சிட்டா இந்த அழுகை அழுவுறா? எந்தொரு நடிப்பு! போடு, நூத்துக்கு நூறு!"