மச்சம் இருந்த பக்கம்

கோவளத்து ராஜாராமுக்கு முகம் வரையக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லை, கண்ணாடி இருந்தது. மூன்று வருஷம் தன் மூஞ்சியையே பார்த்து வரைந்து, மூக்குத் துவாரம் வரை அச்சாகப் பிடித்துவிட்டான். கண்ணாடிப் பழக்கத்தில் இடம் வலம் மட்டும் மாறிப்போகும்.

1974இல் முதல் ஆர்டர். போன வருஷம் கடலுக்குப் போய்த் திரும்பாத காத்தவராயனுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. மனைவி சம்பூர்ணம் அடையாளம் சொல்லச் சொல்ல வரைந்து கொடுத்தான்.

"மச்சம் வலது கன்னத்துலன்னு சொன்னேனே. இது யாரோ. யாரோ ஒருத்தனுக்கு நான் இன்னாத்துக்கு மாலை போடணும்?"

மாலை இல்லாமலே படம் அவள் வீட்டுச் சுவரில் தொங்கியது.

"ஆர்டிஸ்டு, எனக்கும் ஒரு புதுப் புருசனை வரைஞ்சு குடேன்" என்று மீன் விற்கிற பெண்கள் வழிமறித்துக் கேட்டார்கள். ராஜாராம் பென்சிலைத் தொடுவதையே விட்டான்.

படம் மாட்டிய எட்டாம் நாள் மத்தியானம் காத்தவராயன் நடந்தே வீடு வந்து சேர்ந்தான். மச்சம் இடது கன்னத்தில் இருந்தது.

"படம் சரியாத்தான் கீது அண்ணாத்த" என்றாள் சம்பூர்ணம். ராஜாராம் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். அவன் வாசலில் அதற்குள் பதினோரு பெண்கள் வரிசையில் நின்றார்கள்.

காத்தவராயன் இடது கையால் சோற்றைப் பிசைந்தான். சம்பூர்ணம் மீன்குழம்பை அந்தக் கைப் பக்கம் நகர்த்தி வைத்தாள்.