பென்குயின் தொட்டியின் பசி

மிருகக்காட்சிசாலையில் முதலைக் குளத்துக்குப் பக்கத்தில் வாயைப் பிளந்தபடி நின்றது பென்குயின் குப்பைத்தொட்டி. 'குப்பையை இங்கே போடவும்' என்று கழுத்தில் ஒரு பலகை வேறு. ஆனால் வயிறு எப்போதும் காலி. வருகிறவர்கள் சிப்ஸ் பாக்கெட்டையும் தண்ணி பாட்டிலையும் முதலையின் தலையில்தான் எறிந்தார்கள்.

"அண்ணே, தண்டத்துக்கு நிக்குதுன்னு சொல்லி என்னைத் திங்கக்கிழமை பேத்து எடுக்கப்போறாங்களாம்," என்று பென்குயின் அழாத குறையாகச் சொன்னது. "உங்களுக்கு மட்டும் எப்படி இப்படி வந்து கொட்டுது?"

முதுகில் ஒட்டியிருந்த ஐஸ்க்ரீம் கப்பை உதறியபடி முதலை சலித்துக்கொண்டது. "எல்லாம் இந்தக் கம்பியில தொங்குற பலகை பண்ற வேலை. 'எதையும் எறியாதீர்கள்'னு எழுதி வச்சிருக்கான். வேணும்னா நீயே எடுத்துக்கயேன்!"

மரத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த குரங்குக்குக் கை சும்மா இருக்குமா? இறங்கி வந்து இரண்டு பலகைகளையும் மாற்றி மாட்டிவிட்டுப் போனது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம். சாயங்காலம் சுத்தமான தண்ணீரில் சொகுசாக மிதந்தபடி, "என்னப்பா, வேலை நிலைச்சுதா?" என்று கேட்டது முதலை.

பதில் சொல்லப் பென்குயினுக்கு ஆசைதான். ஆனால் வாயில் ஒரு வார்த்தைக்குக்கூட இடமில்லை.