கீரை முளைக்காத இடம்

செம்பூரில் சரக்கு ரயில் தண்டவாளத்தை ஒட்டித் தனசீலன் பாலக் கீரை போட்டிருந்தார். இன்னொரு பாத்தி போட, ஓரத்தில் மிச்சமிருந்த புல்லையும் அறுத்தார். எப்போதும் கம்பால் தட்டிவிட்டுத்தான் அரிவாளை வைப்பார். அன்று அவசரத்தில் தட்டவில்லை. அடைகாத்துக்கொண்டிருந்த கௌதாரியின் கழுத்து அறுந்துபோனது.

அங்கேயே குழி தோண்டிப் பறவையைப் போட்டார். அதன்மேல் ஐந்து முட்டைகளையும் வைத்து மூடினார். யாரிடமும் சொல்லவில்லை.

நாற்பது நாள் கழித்துக் கீரை பறிக்கும்போது மனைவி செல்வமேரி கூப்பிட்டாள்.

"என்னங்க, இந்த எடத்துல மட்டும் ஒண்ணுமே முளைக்கலியே?"

தனசீலன் கொத்தினார். கௌதாரி வெறும் எலும்பாகியிருந்தது. ஆனால் முட்டைகள் மேலே இல்லை. எலும்புதான் அவற்றின்மேல் சிறகு விரித்துக் கவிந்திருந்தது.

ஒரு முட்டையைத் தொட்டார்.

கதகதவென்று இருந்தது.