மாமனார் போட்ட ஒட்டு

சுவிட்சைத் தட்டினான் ஹரிபிரசாத். அடாப்டரில் பச்சை விளக்கு எரியவில்லை. லேப்டாப் வயரின் கழுத்தில் ரப்பர் கிழிந்து, செம்புக் கம்பி பல்லை இளித்துக்கொண்டு நின்றது.

கிழிசல் என்னவோ மூன்று மாதமாக அப்படியேதான் இருக்கிறது. இன்றைக்குத்தான் அது வேலையைக் காட்டிவிட்டது என்று முடிவே கட்டிவிட்டான்.

பேட்டரியில் நாற்பது நிமிஷம்தான் மிச்சம். அது தீர்ந்தால் ஹிஞ்ஜவடி ஆபீசுக்கு ஓட வேண்டும், திரும்பி வர ராத்திரியாகிவிடும். மாமனாருக்கோ மாலை ஐந்து மணிக்கு ரயில். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று மேனேஜரிடம் கெஞ்சி அனுமதி வாங்கியதே, வண்டி ஏறுவதற்குள் மனிதரை ஒரு வார்த்தையாவது பேச வைத்துவிட வேண்டும் என்றுதான்.

ஆமாம், ஒரே ஒரு வார்த்தை. கல்யாணத்துக்கே வராத கந்தசாமி, இரண்டு வருஷம் கழித்து மகளைப் பார்க்கக் கோவையிலிருந்து வடக்கே இந்தச் சிஞ்ச்வட்டுக்கு வந்து பத்து நாளாகிறது. மாப்பிள்ளையிடம் வாய் திறக்கவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட ரோஹிணி வழியாகத்தான் கேட்பார். அப்பா ஊருக்குக் கொண்டுபோகப் பலகாரம் வாங்க அவள் காலையிலேயே கட்கி கடைத்தெருவுக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை பக்கம் இருந்த சட்னியைக் கேட்க மனசு வராமல், வெறும் இட்லியைத் தின்றுவிட்டு எழுந்தார் மனிதர். வீம்புக்கும் ஓர் அளவு வேண்டாமா?

ஹரி ஒரு பழைய பிளேடை எடுத்துக்கொண்டு வயரோடு மல்லுக்கு நின்றான். கம்ப்யூட்டரில் ஆயிரம் வித்தை தெரிந்தவனுக்கு ரப்பர் உரிக்கத் தெரியவில்லை. விரலைத்தான் உரித்துக்கொண்டான்.

குரங்குக் குல்லாவும் ஸ்வெட்டருமாகச் சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கந்தசாமிக்குப் பொறுக்கவில்லை. மின்வாரியத்தில் முப்பத்து நாலு வருஷம் கம்பம் ஏறியவராயிற்றே. எழுந்து வந்தார்.

வைத்தியர் நாடி பிடிப்பது மாதிரி பரிசோதனை ஆரம்பமாயிற்று. சட்டைப் பையிலிருந்த டெஸ்டரைப் பிளக் பாயின்ட்டில் வைத்துப் பார்த்தார், அடாப்டரைக் காதோரம் வைத்துக் குலுக்கினார், வயரை மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். ரத்தம் கசிகிற மாப்பிள்ளையின் விரலையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு காலை நீட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அறுத்துப் போடுங்க மாப்ள," என்றார்.

மாப்ள! ஹரி மறுபடி பிளேடை எடுத்தான். கிழிந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் சதக் சதக்கென்று வெட்டினான். உள்ளே நடுவில் ஒரு வயரும், அதைச் சுற்றிச் சேமியா மாதிரி மெல்லிய கம்பிகளும் இருந்தன. இரண்டும் தொட்டுக்கொண்டால் அடாப்டர் போய்விடும் என்று எச்சரித்து, தனித்தனியாக முறுக்கி, தனித்தனியாக டேப் சுற்றக் காட்டிக் கொடுத்தார் மாமனார்.

சுவிட்சைப் போட்டார்கள். விளக்கு எரியவில்லை.

கந்தசாமி கொஞ்சமும் அசரவில்லை. இது லேசுப்பட்ட வேலை இல்லை, பேசாமல் லீவு சொல்லிவிடுவதுதான் நல்லது என்றார். பெரியவர் சொன்னால் சரிதான் என்று ஹரியும் மேனேஜருக்குப் போன் போட்டு, சார்ஜர் உயிரை விட்டுவிட்டது என்று துக்கச் செய்தி சொன்னான்.

மறுபடி பிரித்தார்கள், மறுபடி முறுக்கினார்கள். நடுநடுவே பேச்சும் ஓடியது. பொள்ளாச்சியில் மழையில் கம்பத்திலிருந்து விழுந்த கதை வந்தது. ஆறு வயது ரோஹிணி பிளக் ஓட்டையில் ஹேர்பின் செருகி வீட்டையே இருட்டாக்கிய கதை வந்தது. கேட்கக் கேட்க ஹரிக்கு வயர் மறந்தே போயிற்று. அவனாகவே ஒரு காபி போட்டுக் கொடுத்தான். சுமாரான காபிதான், பெரியவர் மறுபேச்சில்லாமல் குடித்தார்.

மூன்றாவது ஒட்டுக்கு டேப் சுற்றும்போதுதான் ஹரிக்குத் தைரியம் வந்தது. "கல்யாணத்துக்கு உங்களைக் கூப்பிடப் பயந்துட்டேன் மாமா. தப்புதான்."

கந்தசாமி டேப்பை இன்னொரு சுற்றுச் சுற்றினார். "கூப்டிருந்தா திட்டீருப்பனுங்க," என்றார். "ஆனா வந்திருப்பேன்."

ஹரி தலையைக் குனிந்துகொண்டான். இரண்டு வருஷமாக உறுத்திய முள்ளை யாரோ பிடுங்கிப் போட்ட மாதிரி இருந்தது. மூன்றாவது ஒட்டுக்கும் விளக்கு எரியவில்லை. எரியாவிட்டால் போகிறது என்று இருந்தது அவனுக்கு.

பன்னிரண்டரைக்கு ரோஹிணி வந்தாள். பலகாரப் பையை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். தரை முழுக்கக் கிடந்த ரப்பர் துண்டுகளையும், தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்த மாமனார் மருமகனையும் மாறி மாறிப் பார்த்தாள். லிஃப்ட்டில் வரவில்லையா என்று கேட்டான் ஹரி.

"எப்படிங்க வர்றது? இன்னைக்கு வியாழக்கிழமை. இந்த ஏரியாவுல வாராவாரம் காலைல ஒம்போது மணிக்கே கரண்ட் போயிரும். நீங்க ஆபீஸ்ல இருப்பீங்க, உங்களுக்கெங்க தெரியப்போகுது."

ஹரி கையிலிருந்த வயரைப் பார்த்தான். முக்கால் சாண் குறைந்து, மூன்று முறை முறுக்குப்பட்டு நொந்துபோயிருந்தது. ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்துகொண்டிருந்த வயர்! அவன் முகம் போன போக்கைப் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்பா பக்கம் திரும்பினாள் ரோஹிணி.

"ஏப்பா, கரண்டாபீஸ்லயே குப்பை கொட்டுன ஆளு. உங்களுக்குமா தெரியல?"

கந்தசாமி டேப்பைப் பல்லால் கடித்து அறுத்து, நான்காவது ஒட்டைச் சுற்ற ஆரம்பித்தார்.

"தெரியும் கண்ணு. சொல்லீட்டா மாப்ள ஆபீசுக்குப் போயிருவாரல்ல."