ஏழு பழுது

எட்டுத் துண்டில் ஏழு பழுது. யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்பதில் ஷிஃபானாவுக்குச் சந்தேகமே இல்லை. முறைப்பாட்டுக் கடிதத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று. பணிப்பாளரிடம் கொடுக்க வேண்டியதுதான் மிச்சம்.

இருந்தாலும் கதிரையில் இருக்க ஏலவில்லை. எழும்பி ஜன்னலை மூடினாள். இடுக்கு வழியாகத் துறைமுகத்துக் காற்று பிசுபிசுவென்று வந்துகொண்டேயிருந்தது. இரண்டு மணிக்குக் கண்டியிலிருந்து பேராசிரியர் வருகிறார். அவருக்கு எதைக் காட்டுவது?

நகத்தளவு சிலிக்கன் துண்டுகளில் கரிமப் பொருளைப் படியவைத்து டிரான்சிஸ்டர் செய்வதுதான் அவளுடைய மூன்று வருட ஆராய்ச்சி. அதற்கு முதல்நாள் துண்டின் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சொன்று கொடுக்க வேண்டும். பூச்சு சீராக இருந்தால் மேலே படிகிற மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்படும். மின்சாரம் தடையில்லாமல் ஓடும்.

எட்டுக்கும் ஒரே போத்தலிலிருந்துதான் பூசி, பெட்டியில் அடுக்கி வைத்தாள். எட்டாவது மட்டும் மற்றவற்றைவிட இருபது மடங்கு நன்றாக ஓடியது. பூச்சு பிழையென்றால் அது எப்படி ஓடும்?

போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். புதிதில் தண்ணீராகத் தெளிந்திருந்தது; இப்போது அடியில் கஞ்சித்தண்ணி போல ஒரு கலங்கல். வைத்துவிட்டு அறைக்குள் நடக்கத் தொடங்கினாள்.

கதவைத் திறந்துகொண்டு ஆய்வுகூட உதவியாளர் கிறிஸ்தோபர் வந்தார். அடுத்த மாதத்தோடு அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. அந்தக் கடிதம் போனால் புதுப்பிக்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"அண்ணன், என்ட பெட்டியைத் திறந்தீங்களா?"

அவர் மேசையில் கிடந்த கடிதத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"ஓம், மிஸ்."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று அவள் நினைக்கவில்லை.

"நீங்க பூசி வெச்சிட்டுப் போன அண்டைக்குப் பின்னேரம், மேசை துடைக்கேக்க கைபட்டுப் பெட்டி விழுந்திட்டுது. கழுவி, நீங்க செய்யிற மாதிரியே திரும்பப் பூசி வெச்சனான். உங்கட போத்தல்ல எடுத்தாக் குறைஞ்சது தெரியுமெண்டு ஸ்டோரில இருந்த புதுப் போத்தலைத் திறந்து எடுத்தனான். சொல்லப் பயமா இருந்தது."

"ஏழையுமா?"

"இல்ல மிஸ். ஒண்டுதான் வெளிய விழுந்தது."

ஷிஃபானாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "ஏழு பழுதாக் கிடக்கு. நீங்க ஒண்டெண்டு கதைக்கிறீங்க. எது அந்த ஒண்டு? காட்டுங்க."

பெட்டியை அவர் முன்னால் தள்ளினாள். கிறிஸ்தோபரின் விரல் முதலாவதைத் தாண்டியது, மூன்றாவதைத் தாண்டியது, ஏழாவதையும் தாண்டிப் போய் நின்றது.

"கடைசியில இருக்கே, மிஸ். இது."